முக்கால் கட்டை

கோயம்புத்தூர்,
4.5.2025

அன்புள்ள அகல்யா அம்மிணிக்கு,

ஹரி அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மல்லிகாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் படியேறும்போது சத்தம் போடுகிறது. மாப்பிள்ளை சுப்ரமணியனுக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா? போனில் பேசினால் பத்தாவது நிமிடம் நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம் என்பதால், அம்மா இருந்தபோது போட்ட சட்டப்படி தபாலிலேயே எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஸ்நேஹா என்று ஒரு பெண் புனேயிலிருந்து கூப்பிட்டாள். டிசம்பரில் அங்கே நடக்கிற ராக் விழாவை நடத்துகிறவளாம். நம் 'மூணாவது ஷிஃப்ட்' குழுவின் முதல் ஆல்பம் வந்து இருபது வருடம் ஆகிறது, அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே மேடையில் வாசிக்க வேண்டும், அன்று பாடிய நானேதான் பாட வேண்டும் என்றாள். 'கேட்டைத் திறடா' பாட்டின் கடைசியில் நான் இழுக்கிற அந்த 'டா'வுக்காகவே கூட்டம் வருமாம். தமிழே தெரியாத மராத்திப் பிள்ளைகள் அதைக் கூடவே கத்துகிறார்களாம்.

அப்போது கடையில் நின்றிருந்தேன், கையில் ஒரு பம்பு வால்வு. நான் புனேயை விட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் என்னைப் பாடகர் என்று கூப்பிட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. கடையில் வேலை பார்க்கும் சவரிமுத்து, "ஏனுங்ணா, கண்ணுல தூசி விழுந்துருச்சுங்ளா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் அவள் சொன்னாள். முதலில் உன்னிடம் கேட்டாளாம், நீ முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்டாயாம். ஏன் அம்மிணி? அதில் பேஸ் கிடார் வாசித்தவள் நீ. இன்று குழுவை நடத்துகிறவளும் நீ. உனக்கு என்ன கஷ்டம்?

பதில் சீக்கிரம் போடு. வெயிலில் அலையாதே, மோர் குடி.

உன் அண்ணன்,
ஹரிபிரசாத்

*

ஹடப்சர், புனே,
13.5.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அகல்யாவின் வணக்கம். அவருக்கு பிரஷர் இறங்கிவிட்டது. உப்பில்லாத குழம்பு சாப்பிட்டு எனக்கு ஏறிவிட்டது. உங்கள் முழங்காலை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், சவரிமுத்து அண்ணனிடம் காட்டாதீர்கள்.

முடியாது என்று சொன்னது நான் மட்டும் இல்லை. கிடார் வாசிக்கும் ஜோஷுவா, டிரம்ஸ் வாசிக்கும் கிருஷ்ணா, நான் என்று மூன்று பேரும் நம் பயிற்சி ஷெட்டில் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. காரணம் கேட்டீர்கள். அந்த ஆல்பம் நன்றாக இல்லை, அவ்வளவுதான்.

கோபப்படாமல் படியுங்கள். அன்று எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, சத்தம் போடத்தான் தெரியும். கிருஷ்ணா எல்லாப் பாட்டிலும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓடுகிறான். ஜோஷுவாவுக்குக் கிடாரில் தெரிந்தது நாலே கார்டு, அதில் ஒன்று தப்பு. நான் பேஸில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் எல்லா இடத்தையும் அடைத்து வைத்திருக்கிறேன். இன்று அப்படி இல்லை. ஜோஷுவா கோந்த்வாவில் நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறான். கிருஷ்ணா ஏரவாடாவில் ஏசி ரிப்பேர் முடித்துவிட்டு கை கழுவக்கூட நேரமில்லாமல் வருகிறான். வாரம் இரண்டு நாள் என்று இருபது வருடம் வாசித்திருக்கிறோம். நாங்கள் நல்ல குழு ஆகிவிட்டோம் அண்ணா. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

ராக் குழு என்றால் இருபது வயதில் ஒன்றைச் செய்துவிட்டு, சாகும்வரை அதையே திரும்பத் திரும்பப் பாட வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? தையற்காரரிடம் போய், "நீங்க முதன்முதலா தைச்ச சட்டை மாதிரியே ஒண்ணு வேணும்" என்று யாராவது கேட்கிறார்களா?

எங்கள் ஐந்தாவது ஆல்பம் மார்ச்சில் வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். அதை விழாவில் வாசிக்கச் சொன்னால் நாளைக்கே தயார் என்று அந்த ஸ்நேஹாவிடம் சொல்லியிருக்கிறேன். பழையதை வாசிக்க மாட்டோம்.

அண்ணிக்கு என் அன்பு. ராத்திரி சீக்கிரம் சாப்பிடுங்கள்.

அகல்யா

*

கோயம்புத்தூர்,
26.5.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே நலம். டாக்டரிடம் முழங்காலைக் காட்டினேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "தப்பு அங்க இல்லீங்" என்றார்.

உன் ஐந்தாவது ஆல்பத்தை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது பாட்டு, அந்தத் தண்ணீர் லாரி பாட்டு, நன்றாக இருக்கிறது. உன் குரல் சின்னதுதான், ஆனால் ஆடாமல் நிற்கிறது. மற்றபடி உன் தமிழைக் கேட்டு இங்கே சிரித்தோம். குப்பைத் தொட்டிக்குக் 'கச்சரா டப்பா' என்றெல்லாம் பாட்டில் வருகிறதே, யாருக்குப் புரியும்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். வயதாக வயதாக நன்றாக வாசித்த ஒரு ராக் குழுவைக் காட்டு பார்க்கலாம். முதல் ஆல்பத்தில் இருக்கிற பசி பின்னால் யாருக்கும் வருவதில்லை. ஊர் உலகம் ஒத்துக்கொண்ட விஷயம் இது. நீ மட்டும் என்ன தனி?

ஒரு சந்தோஷச் செய்தி. நான் பயிற்சி ஆரம்பித்துவிட்டேன். காலை ஐந்து மணிக்கு மொட்டைமாடி. மல்லிகா அதிமதுரம் இடித்துத் தருகிறாள். தேனும் மிளகும் தனி. பழைய பாட்டுகள் எல்லாம் வருகின்றன, அந்த 'டா' மட்டும் இன்னும் எட்டவில்லை. ரெக்கார்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், அந்த வயதில் எப்படிப் பாடினேன் என்று எனக்கே புரியவில்லை. நேற்று எட்டிப் பிடித்த மாதிரி இருந்தது, உடனே இருமல் வந்துவிட்டது. டிசம்பருக்குள் பிடித்துவிடுவேன்.

நீ மனசு மாறுவாய் என்று தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஹடப்சர்,
20.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை ஆரம்பித்துவிட்டது. ஷெட்டின் தகரக் கூரை ஒழுகுகிறது, கிருஷ்ணா டிரம்ஸ் மேல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறான். பதில் தாமதமானதற்கு ஆபீஸ் வேலை காரணம்.

ஒரு குழுவைக் காட்டு என்றீர்கள். எங்களைத்தான் காட்டுகிறேன். வேறு யாரையும் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பசி என்கிறீர்கள். அன்று எங்களுக்கு இருந்தது கைதட்டல் மேல் பசி. இப்போது பாட்டின் மேல் இருக்கிறது. மூன்றாவது ஆல்பத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தப்பைக் குறைத்திருக்கிறோம். 'கச்சரா டப்பா' புரியாதவர்களுக்குக் 'கேட்டைத் திறடா' மட்டும் எப்படிப் புரிகிறதாம்? நாங்கள் புனேயில் பேசுகிற தமிழ் இதுதான், இதில்தான் பாடுவோம்.

தயவுசெய்து அந்தப் பாட்டை மட்டும் பயிற்சி செய்யாதீர்கள். இருமல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிமதுரத்துக்கு அடங்குகிற விஷயம் இல்லை இது. வேறு எதையாவது பாடுங்கள், உங்களுக்கு வசதியான உயரத்தில் பாடுங்கள். தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அகல்யா

*

கோயம்புத்தூர்,
2.7.2025

அகல்யாவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் எனக்குப் புரிந்துவிட்டது. ஆல்பம் மோசம் என்பது சாக்கு. பம்புக் கடைக்காரன் வந்து உன் மேடையில் நின்றால் உனக்கு அவமானம். அதை நேராகச் சொல்லியிருக்கலாம்.

உனக்குத் தெரியாத ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன். நான் 2013-இல் மாமனாரின் வியாபாரத்தைப் பார்க்கத்தான் கோயம்புத்தூர் வந்தேன் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். வியாபாரம் நான் இல்லாமலே நன்றாக நடந்துகொண்டிருந்தது. என் குரல்நாணில் முடிச்சு விழுந்திருந்தது. ஆறு மாதம் வாயைத் திறக்காதே என்றார் டாக்டர். பாட்டை விட்டுவிடு என்றும் சொன்னார். ஏன் விழுந்தது தெரியுமா? அந்த ரெக்கார்டில் பாடியவன் என்னைவிடப் பெரிய பாடகன், அம்மிணி. ஆல்பம் வந்த அடுத்த மாதமே மேடையில் அவனைப் போல என்னால் பாட முடியவில்லை. இருபத்தேழு வயதில் ஒருவனுக்குக் குரல் இறங்குமா? ஒவ்வொரு மேடையிலும் அவனை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் தொண்டை கெட்டது. எட்டு வருடம் கெட்டது. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நீங்கள் வராவிட்டால் பரவாயில்லை. ஸ்நேஹா கூலிக்கு வாசிப்பவர்களை ஏற்பாடு செய்கிறேன் என்கிறாள். ரெக்கார்டில் இருக்கிற அதே சுருதி, அதே வேகம். தொண்டை கிழிந்தாலும் ஒரே ஒரு தடவை அந்த 'டா'வைப் பிடித்துவிட்டு இறங்கிவிடுவேன். யார் தடுத்தாலும் சரி.

ஹரிபிரசாத்

*

ஹடப்சர்,
11.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மைதானத்தில் கணபதி விழாவுக்கு டோல் அடித்துப் பழகுகிறார்கள், வீட்டுச் சன்னல் அதிர்கிறது. அதுவும் நல்லதுதான், என் படபடப்பு எனக்குக் கேட்கவில்லை.

நீங்கள் எட்டிப் பிடிக்கப் போன அந்தப் பாடகன் கிடையாது. அவனை நான்தான் உண்டாக்கினேன்.

முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் நான். கம்ப்யூட்டர் படிக்கிறவள் என்று என்னிடம் விட்டீர்கள். சிடிக்கு மாற்றும்போது ஒலி ஓடும் வேகத்துக்கு ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பதிவு செய்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் வேறு எண்ணைக் கொடுத்துவிட்டேன். அதனால் ஆல்பம் முழுவதும் நூற்றுக்கு ஒன்பது பங்கு வேகமாக ஓடுகிறது. நாலு நிமிடப் பாட்டில் இருபது விநாடி காணாமல் போய்விட்டது. வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். முக்கால் கட்டை ஏறிவிட்டது. அந்த 'டா'வை நீங்கள் பாடவே இல்லை அண்ணா. நீங்கள் பாடியது அதற்கு முக்கால் கட்டை கீழே.

ஐந்நூறு சிடி அச்சாகி வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். என் பேஸ் அந்த சிடியோடு சேரவில்லை. அன்று சாயங்காலம் ஷெட்டில் சொல்லிவிடத்தான் வந்தேன். நீங்கள் எனக்கு முன்னால் வந்து சிடியைப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். "அம்மிணி, இது என்ற குரலா? நா இத்தன மேல போவனா?" என்று கேட்டுவிட்டு, கிருஷ்ணாவைத் தூக்கிச் சுற்றினீர்கள். என்னால் சொல்ல முடியவில்லை. ஜோஷுவா சொல்லிவிடலாம் என்றான். நான் கூடாது என்றேன். நாங்கள் இரண்டு பேரும் கிடார்களை சிடியின் சுருதிக்கு ஏற்றிவைத்தோம். கிருஷ்ணா ஒன்றும் தெரியாமல் சிடியைக் கேட்டு அந்த வேகத்தைப் பழகிக்கொண்டான். நீங்கள் எந்த வாத்தியமும் வாசிக்காதவர், உங்களுக்குத் தெரிய வழியில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு வருடம் உங்களை அங்கேயே நிற்க வைத்தேன். நீங்கள் மிளகும் தேனுமாக அலைந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முடிச்சு விழுந்தது எனக்குத் தெரியும். அண்ணி அப்போதே சொன்னார்கள். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு பாட்டுகளை என் குரலுக்கு இறக்கினோம். அதற்கப்புறம்தான் நாங்கள் நன்றாக வாசிக்க ஆரம்பித்தோம். நாங்கள் நல்ல குழு என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடுவேன், அது பொய் இல்லை. ஆனால் பழைய ஆல்பத்தை வாசிக்க மாட்டேன் என்றதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. உங்களை மறுபடி அந்த உயரத்தில் நிற்க வைத்து நான் பக்கத்தில் நின்று வாசிக்க முடியாது.

என் மேல் என்ன கோபம் வேண்டுமானாலும் வையுங்கள், பேசாமலும் இருங்கள். ஆனால் டிசம்பரில் அந்தச் சுருதியில் பாடாதீர்கள். அது மனுஷக் குரல் இல்லை, நான் தப்பாகக் கொடுத்த ஒரு எண்.

அகல்யா

*

கோயம்புத்தூர்,
5.9.2025

அகல்யாவுக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், அதை நலம் என்று சொல்வதானால் நலம். உன் வீட்டில் எல்லோரும் எப்படி?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனவர் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் இறங்கினார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "இருவது வருசம் மல்லிகா, இருவது வருசம்" என்றார். மூன்று வாரமாகக் கடைக்குப் போகிறார், வருகிறார். காலைப் பயிற்சி நின்றுவிட்டது.

எனக்கும் உன் மேல் கோபம்தான், மறைக்கவில்லை. ஆறு மாதம் அந்த மனுசன் சிலேட்டில் எழுதிக் காட்டி என்னிடம் காபி கேட்டார். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நேற்று ஒன்று கேட்டார். அவரே எழுத மாட்டாராம், என்னை எழுதச் சொன்னார். நீ மாற்றுவதற்கு முன்னால் இருந்த பதிவு இருக்கிறதா? சரியான வேகத்தில் இருப்பது. இருந்தால் அனுப்பு.

மல்லிகா

*

ஹடப்சர்,
13.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கோபம் நியாயம்.

பழைய ஹார்டு டிஸ்க்கை ஜோஷுவா பத்திரமாக வைத்திருந்தான். ஒன்பது பாட்டுகளும் இருக்கின்றன. பென் டிரைவில் போட்டு, பஞ்சு வைத்துச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். நான் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் அண்ணன்.

அகல்யா

*

கோயம்புத்தூர்,
19.10.2025

அகல்யாவுக்கு,

தீபாவளிக்கு முந்தின நாள் எழுதுகிறேன். எண்ணெய்ச் சட்டியின் முன்னால் மல்லிகா, கம்ப்யூட்டரின் முன்னால் நான். இங்கே நலம். முழங்காலும் நலம்.

கேட்டேன். முதல் நாள் ஒரு பாட்டுக்கு மேல் முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதது உன்னால் இல்லை. அது என் குரலாக இருந்தது. இருபது வருடத்துக்கு அப்புறம் அதை முதல் தடவையாகக் கேட்கிறேன்.

மறுநாள் எல்லாவற்றையும் கேட்டேன். மூன்றாம் நாள் மறுபடியும் கேட்டேன். இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். படு மோசம். நீ சொன்னது சரி. கிருஷ்ணா ஓடுகிறான், ஜோஷுவாவின் நாலாவது கார்டு தப்பு, எல்லாம் சரி. ஆனால் அதில் பெரிய குற்றவாளி பாடுகிறவன்தான். சுருதி நிற்கவே இல்லை. வார்த்தையைக் கடித்துத் துப்புகிறான். மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. நீ ஏற்றிவிட்ட வேகத்தில் இதெல்லாம் காதுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. என் புகழுக்குப் பாதிக் காரணம் உன் தப்பு என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, உன்னை நாலு அறை அறையவும் தோன்றுகிறது.

மொட்டைமாடிக்குப் போய் அந்தப் பாட்டை அதன் சொந்தச் சுருதியில் பாடிப் பார்த்தேன். வருகிறது அம்மிணி. 'டா'வும் வருகிறது. இருமல் இல்லை. இருபத்தேழு வயதில் பாடியதைவிட இந்த நாற்பத்தேழில் நன்றாகப் பாடுகிறேன். மல்லிகாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், தலையை ஆட்டினாள். அவள் லேசில் தலையாட்டுகிறவள் இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. அது தனி. அதற்கு இன்னும் நாள் ஆகும், எவ்வளவு என்று தெரியாது. மேடை தனி. ஸ்நேஹாவிடம் கூலி ஆட்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முழு ஆல்பமும் வேண்டாம், அது அதற்குத் தகுதியில்லாதது. ஒரே ஒரு பாட்டு, சரியான சுருதியில். நீங்கள் மூன்று பேரும் பின்னால் வாசிப்பீர்களா? முடியாது என்றால் இந்தத் தடவை காரணத்தையும் சேர்த்து எழுது.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

அண்ணன்

*

ஹடப்சர்,
3.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஷெட்டில் மூன்று பேருமாகப் படித்தோம். கிருஷ்ணாவுக்கு இப்போதுதான் முழு விஷயமும் தெரியும். "அரே, எட்டு சால், முழுசா எட்டு வருஷம் நான் தப்பான ஸ்பீடுக்கு வாசிச்சேனா?" என்று குச்சியைத் தூக்கி எறிந்தான். ஜோஷுவாவோடும் என்னோடும் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் பேசினான். நாங்கள் மூவரும் உடம்புக்கு நலமே. உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது?

வாசிக்கிறோம். ஆனால் பின்னால் இல்லை, பக்கத்தில். எங்கள் மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது ஆல்பங்களிலிருந்து ஆறு பாட்டு, ஏழாவதாக நீங்கள். இதை ஸ்நேஹாவிடம் சொன்னோம். கூட்டம் ரெக்கார்டைத்தான் எதிர்பார்க்கும், சுருதியைக் குறைத்தால் வயதாகிவிட்டது என்று சிரிப்பார்கள் என்றாள். சிரிக்கட்டும் என்றேன். புதுப் பாட்டுகளைக் குறைக்கச் சொன்னாள். ஒன்றுகூடக் குறையாது என்றான் ஜோஷுவா. கடைசியில் சாயங்காலப் பெரிய மேடையிலிருந்து எங்களைத் தூக்கி மத்தியானம் மூன்று மணிக்கு, சின்ன மேடையில் போட்டுவிட்டாள். டிசம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை. நல்ல வெயில் இருக்கும். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நாலு நாள் முன்னதாக வாருங்கள். அண்ணியையும் அழைத்து வாருங்கள். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டட்டும்.

அகல்யா

*

கோயம்புத்தூர்,
18.12.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். ரயிலில் மல்லிகாவுக்குச் சளி பிடித்துக்கொண்டது. எனக்குத் தொண்டை கட்டவில்லை, இதைத் தனியாகக் கோடு போட்டுப் படி.

கடையில் எல்லோரும் கேட்கிறார்கள், எப்படி இருந்தது என்று. இருநூறு பேர் இருந்தார்கள், வெயில் கண்ணில் அடித்தது, நான் பாட ஆரம்பித்ததும் பாதிப்பேர் "ஊப்பர்! ஊப்பர்!" என்று கையை மேலே காட்டி, சுருதியை ஏற்றச் சொல்லிக் கத்தினார்கள் என்று சொன்னேன். சிலர் எழுந்து போனதையும் சொன்னேன். ரெக்கார்டு மாதிரிப் பாடச் சொல்லி முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டியபோது நான் மைக்கில், "ரெக்கார்ட ஊட்டுக்குப் போயி கேட்டுக்குங்க, நா இங்க நிக்கறேன்" என்றேன் அல்லவா, அதை மட்டும் சவரிமுத்து மூன்று தடவை கேட்டுச் சிரித்தார். யாருக்கும் புரிந்திருக்காது. எனக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் ஆறு பாட்டையும் மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். மே மாதம் நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். குழுவைக் காட்டிவிட்டாய்.

இரண்டு விஷயம். ஒன்று, ஆறாவது ஆல்பத்தில் எனக்கு மூன்று பாட்டு வேண்டும். இரண்டு, மேடையிலிருந்து இறங்கியதும் எல்லோரும் வந்து கட்டிப்பிடித்தார்கள், பிரமாதம் என்றார்கள். நீ மட்டும் ஒயரைச் சுற்றிக்கொண்டு நின்றாய். உண்மையில் எப்படி இருந்தது? எழுது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்

*

ஹடப்சர்,
26.12.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்குச் சளி குறைந்ததா? இங்கே குளிர், எல்லோரும் நலம்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எழுதும் முன்னால் பேனாவை மூன்று தடவை மூடி வைத்தேன்.

முதல் சரணம் நன்றாக இருந்தது. நீங்கள் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை, வாசிக்கிற கை ஒரு கணம் நின்றுவிட்டது. இரண்டாவது சரணத்தில் கூட்டம் கத்தியதும் அவர்களுக்குப் பதில் சொல்கிற அவசரத்தில் தாளத்தை விட்டு ஓடிவிட்டீர்கள். கிருஷ்ணா உங்களைப் பிடிக்க ஓடவில்லை, நான்தான் ஓட வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கடைசி 'டா'வில் சுருதி கீழே இருந்தது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே கீழே. குரலில் குற்றமில்லை. மைக்கில் பேசிய பேச்சில் மூச்சைச் செலவழித்துவிட்டீர்கள்.

மூன்று பாட்டு தர முடியாது. ஒன்று தருகிறோம், அதுவும் பாடிக் காட்டிய பிறகு. மூன்று பேரும் சரி என்றால்தான் சரி, அண்ணன் என்ற சலுகை கிடையாது. மற்ற இரண்டு பாட்டுக்கு ஏழாவது ஆல்பம் வரை காத்திருங்கள். அதற்குள் இன்னும் நன்றாகப் பாடுவீர்கள்.

ஜனவரி பத்து, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு ஷெட்டில் இருங்கள். நேராக அந்த இரண்டாவது சரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

உங்கள் தங்கை,
அகல்யா